சிஸ்டர், உங்களுக்கு என்னங்க பண்ணுது?

ராத்திரி மணி இரண்டரை. பல்லடத்தில், கோவை – திருச்சி மெயின் ரோடு பக்கமாக ஓர் ஆஸ்பத்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே லாரிகள் போய்க்கொண்டிருக்கின்றன. எங்கேயோ விசைத்தறி ஓடுகிற சத்தம். மார்கழிக் குளிருக்கு நோயாளிகளெல்லாம் கழுத்துவரை போர்த்திக்கொண்டு தூங்குகிறார்கள். நைட் டியூட்டி சிஸ்டர் மட்டும் ஃபேனைப் போட்டுக்கொண்டு அதற்கு நேர் கீழே நிற்கிறார். நெஞ்சிலிருந்து முகம்வரை குப்பென்று ஒரு சூடு. கழுத்தெல்லாம் வியர்வை. இரண்டு நிமிஷம்தான். பிறகு உடம்பு சில்லிட்டுப் போகிறது.

"என்னங் சிஸ்டர், இந்தக் குளிர்ல உங்களுக்கு வேர்க்குது?" என்று விழித்துக்கொண்ட ஒரு பாட்டி கேட்கிறார்.

"ஒண்ணுமில்லீங் ஆத்தா, நீங்க தூங்குங்க."

காலையில் வீட்டுக்கு வந்தால் சமையல், துவையல், மாமியாருக்கு மாத்திரை. படுத்தால் தூக்கம் வருவதில்லை. பக்கத்துத் தறிக்குடோன் 'தடக் தடக்' என்று அடித்துக்கொண்டே இருக்கிறது. சாயந்திரம் எழுந்தால் முழங்கால் வலி, தலைபாரம், யார் என்ன சொன்னாலும் எரிச்சல். "இந்த வேலையே வேண்டாம், விட்டுடலாமா?" என்று ஒரு நினைப்பு. அதையும் யாரிடமும் சொல்வதில்லை.

இது ஒரே ஒரு சிஸ்டரின் கதை என்று நினைக்காதீர்கள். நாற்பத்தைந்து வயதைத் தாண்டி வேலை பார்க்கும் நர்ஸுகளில் பலருடைய கதை இது. அவர் உங்கள் மனைவியாக இருக்கலாம், அக்காவாக இருக்கலாம், சம்பந்தியம்மாவாக இருக்கலாம். ஏன், இதைப் படித்துக்கொண்டிருக்கும் நீங்களாகவே இருக்கலாம்!

ஒரே சமயத்தில் இரண்டு ஒறம்பரை

வீட்டுக்கு வரும் விருந்தாளியை நம் கொங்குப் பக்கத்தில் ஒறம்பரை என்போம். இந்த சிஸ்டர் வீட்டுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு ஒறம்பரை ஒரே நேரத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் பெயர் மெனோபாஸ், அதாவது மாதவிடாய் நிற்கும் பருவம். இன்னொருவர் பெயர் பணிச்சோர்வு. 'பர்ன் அவுட்' என்று டாக்டர்கள் சொல்வது. பார்ப்பதற்கு இருவரும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. இருவருமே தூக்கத்தைக் கெடுப்பார்கள், எரிச்சலைக் கொடுப்பார்கள், ஞாபகமறதியைக் கொண்டுவருவார்கள். ஆனால் இருவருக்கும் மருந்து வேறு வேறு.

இங்கேதான் தப்பு நடக்கிறது. வேலை பிழிவதால் வந்த சோர்வை, "எல்லாம் வயசுக் கோளாறு" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஹார்மோன் குறைவதால் வந்த உபாதையை, "வேலைக்குப் போறதாலதான், வீட்டோட இரு" என்று முடித்துவிடுகிறார்கள். இரண்டு வழியிலும் நஷ்டம் அந்தப் பெண்ணுக்குத்தான்.

முதல் ஒறம்பரை: மெனோபாஸ்

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராமல் இருந்தால் அதுதான் மெனோபாஸ். மேலை நாடுகளில் இது சராசரியாக 51 வயதில் வருகிறது. நம் நாட்டுப் பெண்களுக்குச் சற்று முன்னாலேயே, 46–47 வயதில் வந்துவிடுகிறது. அதற்கும் சில வருஷங்களுக்கு முன்பிருந்தே ஆட்டம் தொடங்கிவிடும். மாதவிடாய் ஒரு மாதம் இருபது நாளில் வரும். அடுத்தது இரண்டு மாதம் கழித்து வரும்.

சினைப்பைகள் ஓய்வெடுக்கத் தொடங்கும்போது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் ஏறி இறங்கி, பிறகு குறைந்துவிடுகிறது. ஃப்ரிட்ஜுக்குள் தெர்மோஸ்டாட் இருப்பதுபோல நம் மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி உடம்புச் சூட்டைக் கவனித்துக்கொள்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் இந்த தெர்மோஸ்டாட் தொட்டாற்சுருங்கி ஆகிவிடும். உடம்புச் சூடு துளி ஏறினாலும், "ஐயோ, கொதிக்கிறது!" என்று தப்பாக எடுத்துக்கொண்டு ரத்தக் குழாய்களை விரித்து வியர்வையைக் கொட்டச் செய்கிறது. குப்பென்று சூடு அடிப்பதன் ரகசியம் இதுதான். சிலருக்கு ஒரு வருஷத்தில் நின்றுவிடும். பலருக்கு ஏழு வருஷம்கூட நீடிக்கலாம்.

இதோடு மூட்டு வலி, படபடப்பு, தூக்கமின்மை, பிறப்புறுப்பில் வறட்சி, அடிக்கடி சிறுநீர் போவது, பேச்சுக்கு நடுவில் சொல் மறந்துபோவது ஆகியவையும் சேரலாம். எல்லாருக்கும் எல்லாமும் வராது. பயப்பட வேண்டாம்.

இரண்டாம் ஒறம்பரை: பணிச்சோர்வு

ஒருநாள் களைப்புக்கு இந்தப் பெயர் பொருந்தாது. 1974-ல் அமெரிக்காவில் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற மனநல நிபுணர் இதைப் பற்றி முதலில் எழுதினார். இலவச மருத்துவமனை ஒன்றில் ஆசையாகச் சேவை செய்ய வந்தவர்கள் கொஞ்ச காலத்தில் எரிந்து முடிந்த திரி மாதிரி ஆவதை அவர் பார்த்தார். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இதைத் தன் நோய்ப் பட்டியலின் 11-ஆவது பதிப்பில் குறிப்பிட்டது. நோய் என்று அல்ல. வேலையோடு சம்பந்தப்பட்ட ஒரு நிலை என்று. அதற்கு மூன்று அடையாளங்கள்:

ஒன்று, சக்தி முழுக்க வற்றிப்போவது. இரண்டு, வேலையிலிருந்து மனசு விலகிப்போவது. மூன்று, "நான் செய்யறதுல ஒரு பிரயோஜனமும் இல்லை" என்ற எண்ணம்.

நர்ஸுகள் இரண்டாவது அடையாளத்தைக் கவனிக்க வேண்டும். வேலை அவசரத்தில் நோயாளியை 'பன்னிரண்டாம் பெட்' என்று சொல்வது சகஜம். ஆனால் பன்னிரண்டாம் பெட்டில் ஒரு மனுஷி படுத்திருக்கிறார் என்பதே மனசில் உறைக்காமல் போனால், அவர் அழுதாலும் உங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை என்றால், அது எச்சரிக்கை மணி. உங்கள் குணம் கெட்டுவிட்டதாக நினைத்து உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். வற்றிய கிணற்றில் வாளி விட்டால் சேறுதான் வரும்.

கிணறு ஏன் வற்றுகிறது? இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்குப்படி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற பொது ஆஸ்பத்திரிகளில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ் வேண்டும். லீவில் போகிறவர்களுக்காகத் தனியாக 30 சதவீதம் பேரும் வேண்டும். உங்கள் ஊர் வார்டில் ராத்திரி எத்தனை பேருக்கு ஒரு சிஸ்டர் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

வேலை நிரந்தரமா என்ற கவலையும் சேர்ந்துகொள்கிறது. 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் மூலம் எடுக்கப்பட்ட நர்ஸுகள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்தார்கள். பணிநிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். அன்று முப்பத்தைந்து வயதில் சேர்ந்தவருக்கு இன்று நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. அதாவது, முதல் ஒறம்பரை வாசலுக்கு வரும் வயது!

ஒன்று தீ, ஒன்று காற்று

இரண்டும் தனித்தனியாக வந்தாலே கஷ்டம். சேர்ந்து வந்தால் ஒன்று தீயாகவும் மற்றது காற்றாகவும் ஆகிவிடும். ராத்திரி சூடு அடித்து நாலு தடவை எழுந்தவருக்கு மறுநாள் டியூட்டி மலைபோலத் தெரிகிறது. டியூட்டியில் பதற்றம், நாலு டம்ளர் டீ, நேரம் தவறிய சாப்பாடு. இவை மறுபடி சூட்டைக் கிளப்புகின்றன. மாறி மாறி வரும் நைட் டியூட்டி உடம்புக்குள் ஓடும் கடிகாரத்தையே குழப்பிவிடுகிறது. நீண்ட காலம் ராத்திரி ஷிப்ட் பார்த்த நர்ஸுகளுக்கு மெனோபாஸ் கொஞ்சம் முன்னதாகவே வரும் வாய்ப்பு உண்டு என்று அமெரிக்காவில் 2019-ல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. வித்தியாசம் சிறியதுதான். ஆனாலும் கவனிக்க வேண்டிய விஷயம்.

எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

செலவே இல்லாத ஒரு வழி இருக்கிறது. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஆறு வாரம், தினமும் இரண்டே வரி எழுதுங்கள். எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், எத்தனை தடவை சூடு அடித்தது, மாதவிடாய் வந்த தேதி, எந்த ஷிப்ட், மனசு எப்படி இருந்தது. அவ்வளவுதான்.

பிறகு புரட்டிப் பாருங்கள். லீவு போட்டுத் தங்கை வீட்டில் நாலு நாள் இருந்தபோதும் சூடும் வியர்வையும் உங்களோடு வந்ததா? அது பெரும்பாலும் மெனோபாஸ். தங்கை வீட்டில் நன்றாகச் சிரித்துப் பேசிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் டியூட்டியை நினைத்ததுமே வயிற்றைப் பிசைந்ததா? அது பெரும்பாலும் பணிச்சோர்வு. இரண்டுமே இருந்தால் இரண்டுக்கும் வழி பார்க்க வேண்டும். எங்கே போனாலும், எதைப் பார்த்தாலும், பேத்தியைக் கொஞ்சும்போதுகூட மனசு இருண்டே கிடந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்குத் தனி சிகிச்சை உண்டு. நன்றாகக் குணமாகும்.

இந்த நோட்டை டாக்டரிடம் காட்டுங்கள். "என்னமோ ஒரு மாதிரி இருக்குதுங் டாக்டர்" என்று சொல்வதைவிட இது பத்து மடங்கு உதவும். ரத்தசோகையும் தைராய்டு கோளாறும் இதே வேஷத்தில் வரும் என்பதால் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, ரத்த அழுத்தம் இவற்றைப் பார்த்துவிடுவது நல்லது. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் மெனோபாஸைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் ஹார்மோன் டெஸ்ட் தேவையே இல்லை.

உலகத்துக்குச் சொன்னவர்கள் நர்ஸுகள்தான்

ஓர் ஆச்சரியமான சேதி. மெனோபாஸ் பற்றியும் ஹார்மோன் மருந்துகள் பற்றியும் இன்று டாக்டர்களுக்குத் தெரிந்ததில் கணிசமான பங்கு நர்ஸுகள் தந்தது. 1976-ல் அமெரிக்காவில் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் அதிகமான நர்ஸுகள் ஒரு பெரிய ஆய்வில் சேர்ந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தங்கள் உடம்பைப் பற்றிக் கேள்வித்தாளில் எழுதி அனுப்பினார்கள். ஏன் நர்ஸுகளைத் தேர்ந்தெடுத்தார்கள்? மருத்துவக் கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொல்வார்கள் என்ற நம்பிக்கைதான்!

நம் சிஸ்டரோ ஊருக்கெல்லாம் பி.பி. பார்த்துவிட்டுத் தன் பி.பி.யைப் பார்ப்பதில்லை. இன்னொரு ஆபத்தும் உண்டு. மருந்து அலமாரி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. முழங்கால் வலிக்கு ஒரு மாத்திரை, தூக்கத்துக்கு ஒன்று, நெஞ்செரிச்சலுக்கு ஒன்று என்று தானே எடுத்துப் போட்டுக்கொள்வது நடக்கிறது. வலி மாத்திரை மாதக்கணக்கில் போனால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். இது நோயாளிக்கு நீங்கள் சொல்லும் பாடம். உங்களுக்கும் அதே பாடம்தான்.

என்ன சிகிச்சை?

ஹார்மோன் மாற்று சிகிச்சை என்றாலே பலருக்குப் பயம். அதற்குக் காரணம் உண்டு. 2002-ல் அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வில் மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு அபாயம் கூடுவதாகத் தெரிந்து ஆய்வின் ஒரு பகுதியை நிறுத்தினார்கள். ஆனால் அதில் கலந்துகொண்ட பெண்களின் சராசரி வயது 63. பின்னாளில் அலசிப் பார்த்தபோது, 60 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும், மாதவிடாய் நின்று பத்து வருஷம் ஆகாதவர்களுக்கும், உபாதை கடுமையாக இருந்தால் பெரும்பாலும் பயனே அதிகம் என்று தெளிவானது.

எல்லாருக்கும் இது ஒத்துவராது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டு வந்தவர்கள், மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. கர்ப்பப்பை இருப்பவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரோனும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். ஹார்மோன் வேண்டாம் என்பவர்களுக்கு வேறு மருந்துகள் இருக்கின்றன. வறட்சிக்கு மட்டும் தடவும் க்ரீம் இருக்கிறது. வெட்கப்படாமல் கேளுங்கள்.

சாப்பாட்டுக்கு நம் ஊரே போதும். மாதவிடாய் நின்ற பெண்ணுக்குத் தினமும் 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில். நூறு கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. ராகிக் களி, எள்ளுருண்டை, முருங்கைக் கீரை, ஒரு டம்ளர் மோர் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். கொள்ளுப் பருப்பில் புரதம் உண்டு. தினம் அரை மணி நேரம் வேகமாக நடங்கள். "வார்டுலதான் நாள் முழுக்க நடக்கறேனே!" என்பீர்கள். அது நின்று நின்று நடக்கும் நடை. எலும்புக்கும் மனசுக்கும் வேண்டியது தொடர்ச்சியான நடை.

இதற்கெல்லாம் காத்திருக்கக் கூடாது

மாதவிடாய் நின்று ஒரு வருஷம் கழித்து ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். கர்ப்பப்பைப் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். மாதவிடாய் நிற்கும் முன் கட்டி கட்டியாக அதிகம் போனாலும் காட்டுங்கள். "கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்று யாராவது சொன்னால் அவசரப்படாமல் இன்னொரு டாக்டரிடமும் கேளுங்கள். சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால் மெனோபாஸ் ஒரே நாளில் வந்து நிற்கும். நெஞ்சில் பாரம், மூச்சுத் திணறல், தோள்பட்டைக்குப் பரவும் வலி இவற்றை 'படபடப்பு' என்று விட்டுவிடாதீர்கள். உயிரை மாய்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணுக்குப் பேசுங்கள். இது 24 மணி நேரமும் இயங்கும் இலவச சேவை. தமிழிலேயே பேசலாம்.

வீட்டுக்காரர்களே, உங்களுக்கும் கொஞ்சம்

நைட் டியூட்டி முடிந்து வரும் பெண்ணுக்குப் பகல்தான் ராத்திரி. ராத்திரி இரண்டு மணிக்கு உங்களை எழுப்பி, "கேஸ் சிலிண்டர் வந்திருக்கு" என்று யாராவது சொன்னால் எப்படி இருக்கும்? காலை ஒன்பது மணியிலிருந்து மூன்று மணிவரை அவரை யாரும் எழுப்பக் கூடாது என்று வீட்டில் ஒரு சட்டம் போடுங்கள். ஜன்னலுக்குக் கெட்டித் துணியில் திரை, தறிச் சத்தத்துக்குக் காதில் பஞ்சு, செல்போன் வேறு அறையில். அன்றைக்கு மதியச் சமையலை வேறு ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். அவர் எரிந்து விழுந்தால் பதிலுக்கு எரிந்து விழாதீர்கள். தாம்பத்தியத்தில் விலகிப் போனால் அதைக் கோபமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வறட்சியால் வலி இருக்கலாம், சொல்லக் கூச்சப்படுகிறார்.

ஆஸ்பத்திரி நடத்துகிறவர்களுக்கு

தியான வகுப்பு வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஆள் பற்றாக்குறையைத் தியானம் தீர்க்காது. தொடர்ந்து எத்தனை நைட் என்பதற்கு ஒரு வரம்பு, டியூட்டி அட்டவணை முன்கூட்டியே கையில் கிடைப்பது, நடுவில் இருபது நிமிஷம் உட்கார ஒரு அறை, குடிக்கக் குளிர்ந்த தண்ணீர், சுத்தமான கழிப்பறை. இவைதான் பணிச்சோர்வுக்கு முதல் மருந்து. இங்கிலாந்தின் அரசு மருத்துவ சேவை 2022 நவம்பரில் மெனோபாஸ் பருவத்துப் பணியாளர்களுக்கென்றே வழிகாட்டி வெளியிட்டது. வேலை நேரத்தில் நெகிழ்வு, மேசையில் ஃபேன், மெல்லிய துணியில் சீருடை என்று அதில் சொன்னார்கள். உலகத்துக்கே பருத்திப் பனியன் அனுப்பும் திருப்பூர் மாவட்டத்தில் சிஸ்டர்களுக்கு பாலியெஸ்டர் கோட்டு எதற்கு?

சம்பளமும் ஒரு மருந்துதான். தனியார் ஆஸ்பத்திரி நர்ஸுகளுக்காக உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் உத்தரவிட்டதை அடுத்து மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. ஐம்பது படுக்கைக்கும் குறைவான ஆஸ்பத்திரியில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. இருபது வருஷ அனுபவமுள்ள சிஸ்டர் ஒருவர் சோர்ந்து வேலையை விட்டுப் போனால், அவர் கை பழகிய அனுபவத்தை எந்த விளம்பரம் கொடுத்தும் திரும்ப வாங்க முடியாது. ஊசி போட நரம்பு கிடைக்காத குழந்தைக்கு ஒரே குத்தில் நரம்பு பிடிக்கும் கை அது.

சரி, இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று. நீங்கள் நர்ஸாக இருந்தால் அந்த நாற்பது பக்க நோட்டை இன்றைக்கே வாங்கிவிடுங்கள். நர்ஸ் வீட்டுக்காரராக இருந்தால், இன்று அவர் டியூட்டி முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்குள், "சாப்பாடு என்ன?" என்று கேட்காதீர்கள். தினமும் நூறு பேரிடம் அவர் கேட்கும் கேள்வியை ஒருநாள் அவரிடம் கேளுங்கள்:

"உனக்கு என்ன பண்ணுது, அம்மிணி?"

"ஒண்ணுமில்லை" என்றுதான் முதலில் சொல்வார். நம்பிவிடாதீர்கள். ஒரு டம்ளர் மோரைக் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு தடவை கேளுங்கள்.